மண்வெட்டியும் பட்டப்படிப்பும்
பெரீயா கல்லூரி பற்றிச் சில குறிப்புகள்

“நாங்கள்தான் மண்வெட்டியோட மாயிறம்; நீயாவது படிச்சு முன்னுக்கு வா.” எமது கமக்காரக் குடும்பங்களில் இந்த வார்த்தையைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை அரிது. இடம்பெயர்வின் பின்னர் இதன் அழுத்தம் இன்னும் கூடியது. காணி கைவிட்டுப் போனது, கிணறு தூர்ந்தது, ஆடுமாடுகள் போன இடம் தெரியவில்லை. எவராலும் பறிக்க முடியாத சொத்து கல்வி ஒன்றுதான் என்று பெற்றோர் நம்பினர். அந்த நம்பிக்கையில் பிழை காண்பதற்கில்லை. ஆயினும் அதனுள்ளே இன்னொரு கருத்தும் மறைந்திருக்கிறது: படித்தவன் மண்வெட்டி தொடமாட்டான், மண்வெட்டி தொடுபவன் படியாதவன். இதன் விளைவை நாம் இன்று கண்முன்னே காண்கிறோம். காணி திரும்பக் கிடைத்த பல இடங்களில் அதைச் செய்வதற்கு இளங்கைகள் இல்லை. இன்னும் கிடைக்காத குடும்பங்களிலோ, பிள்ளைகள் கமத்தை அறியாமலே வளர்ந்துவிட்டார்கள்.

படிப்பையும் கையுழைப்பையும் இவ்வாறு பிரிக்க மறுத்து நடந்துவரும் ஒரு கிறிஸ்தவ உயர்கல்வி நிறுவனத்தைப் பற்றி இவ்விதழில் எழுத விரும்புகிறோம். அது ஐக்கிய அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், அப்பலாச்சிய மலைகளின் ஓரத்தில் உள்ள பெரீயா கல்லூரி. தூரத்து ஊரின் கதை எமக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். அந்தக் கல்லூரியைத் தொடங்கியவர்களும் ஒருநாள் பத்து நாள் தவணை கொடுத்து ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்கள்தாம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். எமது நாட்டில் கல்லூரி என்றால் பெரும்பாலும் பாடசாலையைக் குறிக்கும். அமெரிக்காவில் அது பட்டம் வழங்கும் நிறுவனம். அங்குள்ள கல்லூரிகளுள் ஒருவகை ‘தாராண்மைக் கலைக் கல்லூரி’ எனப்படும். எமது பிள்ளைகள் க.பொ.த. சாதாரண தரம் முடிந்ததுமே கலை, வர்த்தகம், உயிரியல், கணிதம் என்று பிரிந்துவிடுகிறார்கள். அதன்பின் ஒருவரின் துறைக்குள் மற்றவர் எட்டிப் பார்ப்பதில்லை. தாராண்மைக் கலைக் கல்லூரியில் அப்படியல்ல. விவசாயம் படிக்க வருபவரும் வரலாறு, சமயம், விஞ்ஞானம், கட்டுரை எழுதும் பயிற்சி ஆகியவற்றைக் கற்றே ஆகவேண்டும். ஒரு துறையை ஆழமாகப் படிப்பது அதற்கு மேலதிகமாக நடைபெறும்.

இந்தப் பெயரின் வேர் சிந்திக்கத்தக்கது. பண்டைய கிரேக்க, உரோம சமூகங்களில் அடிமையல்லாத சுதந்திர மனிதனுக்குத் தகுந்த கல்வி எது என்ற கேள்வியிலிருந்தே இது பிறந்தது. இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை, எண்கணிதம், கேத்திர கணிதம், இசை, வானியல் என்று ஏழு கலைகளை இடைக்காலத்தில் வகுத்தார்கள். உழுவதும் நெய்வதும் கல் உடைப்பதும் அப்பட்டியலில் சேரவில்லை. ஏனெனில் அவை பண்டைய சமூகத்தில் அடிமைகளின் வேலையாக இருந்தன. ஆகவே கையுழைப்பை இழிவாகக் கருதும் பழக்கம் எமது ஊருக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். அது கல்வியின் பழைய நோய்.

இவ்வகைக் கல்வி எமக்குப் புதிதுமல்ல. 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினறி அத்தகைய ஒன்றே. 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக வந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கு பயின்றவர்கள். அந்தச் செமினறி 1855 இல் மூடப்பட்டது. அதே ஆண்டில்தான் கென்டக்கியில் பெரீயா தொடங்கியது.

விரட்டப்பட்டவர்களின் கல்லூரி

ஜோன் கிறெக் ஃபீ என்ற போதகர் கென்டக்கியில் பிறந்தவர். அவருடைய தந்தையே அடிமைகளை வைத்திருந்தவர். மகனோ அடிமைமுறை பாவம் என்று பிரசங்கித்தார். காசியஸ் கிளே என்னும் நிலவுடைமையாளர் கொடுத்த காணியில் சிறு கிராமம் ஒன்று எழுந்தது. 1855 இல் ஓர் அறைப் பாடசாலை அமைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவே ஆலயம். ஊருக்கு இட்ட பெயர் திருத்தூதர் பணிகள் நூலின் 17 ஆம் அதிகாரத்திலிருந்து வந்தது. தெசலோனிக்காவில் கலகம் எழுந்தபோது புனித பவுலும் சீலாவும் இரவோடிரவாக அனுப்பிவைக்கப்பட்ட ஊர் அது. எமது விவிலியத்தில் பெரோயா என்று காணப்படுகிறது. அதே அதிகாரத்தில், எல்லா மக்களினமும் ஒரே மூலத்திலிருந்து கடவுளால் உண்டாக்கப்பட்டவை என்று பவுல் ஏதென்சில் கூறும் கருத்தே கல்லூரியின் மகுட வாக்கியமாக இன்றும் உள்ளது.

1859 இல் கல்லூரிக்கு விதிகள் எழுதப்பட்டன. கல்லூரி கிறிஸ்தவ நெறியில் நடக்கும். ஆதலால் சபைப் பிரிவினை வாதத்தையும், அடிமை வைத்திருத்தலையும், சாதியையும் எதிர்க்கும் என்பது அவற்றின் சாரம். ஆம், ‘சாதி’ என்ற பொருள்தரும் சொல்லையே அங்கு பயன்படுத்தினார்கள். எமது ஆலயங்களையும் பாடசாலைகளையும் அறிந்தவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று வாசிப்பது நல்லது.

அதே ஆண்டு ஒக்டோபரில் ஜோன் பிறவுண் என்பவர் ஹாப்பர்ஸ் ஃபெறியில் ஆயுதக் கிளர்ச்சி செய்தார். தென்மாநிலங்கள் எங்கும் அச்சம் பரவியது. டிசெம்பரில் அறுபது பேரளவில் ஆயுதத்துடன் பெரீயாவுக்கு வந்து, பத்து நாளுக்குள் மாநிலத்தைவிட்டு வெளியேறும்படி கட்டளையிட்டனர். குளிர்காலத்தில் பிள்ளைகுட்டிகளோடு குடும்பங்கள் ஓகியோ ஆற்றைக் கடந்தன. பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டது.

போர்க்காலத்தில் ஃபீ சும்மா இருக்கவில்லை. கென்டக்கியில் காம்ப் நெல்சன் என்னும் படைமுகாமில் கறுப்பினப் போர்வீரரிடையேயும் அவர்களுடைய அகதிக் குடும்பங்களிடையேயும் பணியாற்றினார். 1864 நவம்பரில் அம்முகாமின் அதிகாரிகள் நானூறு பெண்களையும் பிள்ளைகளையும் கடுங்குளிரில் வெளியேற்றிக் குடிசைகளை அழித்தார்கள். நூறு பேரளவில் இறந்தனர். இச்செய்தி நாடெங்கும் பரவி எழுப்பிய கொதிப்பும் சேர்ந்தே, படைவீரரின் மனைவி மக்களுக்கு விடுதலை அளிக்கும் சட்டம் 1865 மார்ச்சில் நிறைவேறியது. போர் முடிந்ததும் ஃபீ பெரீயாவுக்குத் திரும்பினார். பாடசாலையைத் திறந்ததோடு அவர் நிற்கவில்லை. காணி வாங்கிச் சிறு துண்டுகளாகப் பிரித்து, கறுப்பின, வெள்ளையினக் குடும்பங்கள் அடுத்தடுத்து அயலவராக வரும்படி விற்றார். காணியற்றவனின் பிள்ளை வகுப்பில் நிலைக்காது என்பதை அவர் அறிந்திருந்தார். மீள்குடியேற்றம் பற்றித் திட்டமிடும் எம்மவர் பலரும் பாடசாலையை ஒரு கோப்பிலும் காணியை வேறொரு கோப்பிலும் வைத்திருப்பதை நாம் காண்கிறோம்.

1866-67 கல்வியாண்டில் 187 மாணவர்கள் இருந்தனர். அவர்களுள் 96 பேர் கறுப்பினத்தவர், 91 பேர் வெள்ளையர். அடிமைமுறை ஒழிந்து ஈராண்டுகூட ஆகாத மாநிலத்தில் இது நடந்தது. 1873 இல் முதலாவது பட்டங்கள் வழங்கப்பட்டன.

படிப்பும் வேலையும்

அமெரிக்காவில் உயர்கல்வி எமது நாட்டைப்போல் இலவசமல்ல. எமக்கு 1945 முதல் இலவசக் கல்வி உண்டு. எமது தடை பல்கலைக்கழக இடங்களின் பற்றாக்குறையும், ரியூசன் செலவும், அனுமதி கிடைத்த பின் பிள்ளை கொழும்பிலோ பேராதனையிலோ தங்கிச் சாப்பிடும் செலவுமே. அங்கோ பல தனியார் கல்லூரிகளில் ஓராண்டுக் கட்டணமே ஒரு தொழிலாளியின் ஆண்டு வருமானத்தை விழுங்கிவிடும். பெரீயா 1892 முதல் மாணவரிடம் படிப்புக் கட்டணம் அறவிடுவதில்லை. மேலும், பணவசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைக்குப் பொதுவாக அங்கு இடமில்லை. விண்ணப்பதாரியின் திறமையைப் பார்ப்பதுபோலவே குடும்பத்தின் வறுமையையும் பார்த்தே தெரிவு செய்கிறார்கள். இன்று ஏறத்தாழ 1500 மாணவர் உள்ளனர். மலைநாட்டுக் கிராமங்களிலிருந்து வருபவர்களே அதிகம்.

அங்கு படிக்கும் ஒவ்வொருவரும் கிழமைக்கு ஆகக் குறைந்தது 10 மணித்தியாலம் கல்லூரியில் வேலை செய்யவேண்டும். எவருக்கும் விலக்கு இல்லை. வகுப்பில் முதலாவதாக வருபவருக்கும் இல்லை, கடைசியாக வருபவருக்கும் இல்லை. எல்லோரும் செய்வதால், வேலை செய்பவர் ஏழை என்று எவரும் சுட்டிக்காட்ட முடியாது. இந்த ஒன்றே அத்திட்டத்தின் பாதி வெற்றி என்று நாம் கருதுகிறோம்.

என்ன வேலைகள்? கல்லூரிக்கு ஏறக்குறைய 500 ஏக்கர் பண்ணை உண்டு. மாடு, பன்றி வளர்ப்பும் தானியமும் காய்கறியும் அங்கு நடைபெறுகின்றன. விளைபொருளை விற்கக் கடையும் உண்டு. 8000 ஏக்கருக்கு மேற்பட்ட காடு உண்டு. அதைப் பேணுவதும் அளவாக மரம் எடுப்பதும் மாணவர் கற்கும் வேலைகள். கைத்தறி நெசவு, தச்சு, மட்பாண்டம், விளக்குமாறு கட்டுதல் ஆகியன பழைய கைத்தொழில்கள். பெரீயாவின் விளக்குமாறுகளை மக்கள் விலைகொடுத்து வாங்கி வீட்டுச் சுவரிலே அழகுக்காகத் தொங்கவிடுகிறார்கள்! 1909 இல் திறந்த பூன் டவேண் என்னும் உல்லாசப் பயணிகள் விடுதியும் கல்லூரிக்குச் சொந்தம். அங்கும் மாணவர் பணிபுரிகிறார்கள். நூலகம், ஆய்வுகூடம், கணனிப் பிரிவு, அலுவலகங்கள், தோட்டம், கூட்டித் துடைத்தல் எல்லாம் இதில் அடங்கும்.

முதலாம் ஆண்டில் வேலையைக் கல்லூரியே ஒதுக்கும். அடுத்த ஆண்டுகளில் மாணவர் தாம் விரும்பும் பகுதிக்கு விண்ணப்பிக்கலாம். வேலைக்குப் படிநிலைகள் உண்டு. முதலில் சொன்னதைச் செய்பவர், பின்னர் புதியவருக்குப் பழக்குபவர், பின்னர் ஒரு பிரிவின் பொறுப்பாளர். மணித்தியாலத்துக்குச் சிறிய சம்பளம் கொடுக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் மேற்பார்வையாளர் ஒருவர் உண்டு. அவர் மாணவரின் நேரந்தவறாமை, பொறுப்புணர்வு, கற்கும் ஆர்வம் ஆகியவற்றை மதிப்பிட்டு எழுதவேண்டும். வேலையில் தொடர்ந்து தவறுபவர் எச்சரிக்கைக்கு உட்படுவார். பட்டம் பெற்று வெளியேறும்போது மாணவரின் கையில் இரண்டு பெறுபேற்றுப் பத்திரங்கள் இருக்கும். ஒன்று பாடங்களுக்கு, மற்றது உழைப்புக்கு.

இது பிள்ளைகளிடம் மலிவாக வேலை வாங்கும் தந்திரம் அல்லவா என்று சந்தேகிப்பது நியாயமே. எமது விடுதிகளிலும் அநாதை இல்லங்களிலும் பிள்ளைகள் நீர் இறைத்தார்கள், விறகு பிளந்தார்கள், கூட்டிப் பெருக்கினார்கள். அதற்குப் பதிவும் இல்லை, அளவும் இல்லை. அதைக் கல்வியாக எவரும் எண்ணவுமில்லை. வேலையைத் தண்டனையாகக் கொடுத்த இடங்களும் உண்டு. பெரீயாவில் நேரத்துக்கு வரையறை உண்டு, சம்பளம் உண்டு, கற்பிக்கும் கடமை மேற்பார்வையாளருக்கு உண்டு. அத்துடன், மாணவரின் உழைப்பால் கல்லூரியின் செலவு நிறைவதுமில்லை. செலவை ஈடுசெய்வது வேறொன்று; அதைப் பின்னர் கூறுவோம். ஆகவே அங்கு வேலை கற்பித்தலின் ஒரு பகுதியாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

நான்கு ஆண்டுக்கான பாடத் திட்டமும் இவ்வாறே கவனமாக அமைக்கப்பட்டுள்ளது. பட்டத்துக்கு 32 பாட அலகுகள் வேண்டும். ஓராண்டுக்கு இரண்டு தவணை, தவணைக்கு நான்கு பாடம் என்று கணக்கு. இவற்றுள் ஒரு பகுதி எல்லோருக்கும் பொதுவானது. முதலாம் ஆண்டில் சிந்தித்து எழுதுவதற்கான இரண்டு கருத்தரங்குகள்; அவற்றில் ஒன்று இனம், அடையாளம், வேற்றுமை பற்றியது. பின்னர் கிறிஸ்தவத்தை விளங்கிக்கொள்ளல், விஞ்ஞான அறிவு, இறுதியில் உலகப் பிரச்சினை ஒன்றைப் பற்றிய கருத்தரங்கு. மாணவருக்கு ஓர் ஆலோசக ஆசிரியர் துணைநிற்பார். விவசாயமும் இயற்கை வளமும், தாதியர் கல்வி, குடும்பவியல், தொழில்நுட்பம் போன்றனவும் மெய்யியல், இசை, இரசாயனம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் உள்ளன. காலையில் பன்றிக்குத் தீன் வைத்தவர் பகலில் அகுஸ்தீனாரைப் பற்றிக் கட்டுரை எழுதலாம். அகுஸ்தீனார் அதற்கு மறுப்புச் சொல்லியிருக்கமாட்டார்.

விதைநெல்

பணம் எங்கிருந்து வருகிறது? நன்கொடை வாங்கி அந்தந்த ஆண்டே செலவழித்தால் எந்த நிறுவனமும் அடுத்த ஆண்டு மீண்டும் கையேந்த வேண்டும். பெரீயாவின் நிர்வாக சபை 1920 இல் ஒரு முடிவு எடுத்தது. குறித்த நோக்கம் எதுவும் சொல்லாமல் மரண சாசனத்தில் எழுதிவைக்கப்படும் பணம் முழுவதையும் செலவழியாமல் நிலையான முதலீட்டில் சேர்ப்பதென்பதே அது. கமக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பஞ்சத்திலும் விதைநெல்லைத் தொடாத குடும்பமே அடுத்த போகம் விதைக்கும். அந்த முதல் இன்று நூறு கோடி டொலருக்கு மேல் பெருகி, அதன் வருமானமே கல்லூரிச் செலவின் பெரும் பங்கைத் தாங்குகிறது. எமது பகுதிகளில் மூன்றாண்டுத் திட்டம், ஐந்தாண்டுத் திட்டம் என்று வெளிநாட்டு நிதியில் தொடங்கி, நிதி முடிய மூடப்பட்ட பயிற்சி நிலையங்கள் எத்தனை என்பதை வாசகர்கள் தாமே எண்ணிக்கொள்ளலாம்.

பெரீயாவை மாசற்ற ஊராகக் காட்டுவது எமது நோக்கமல்ல. 1892 இல் தலைவராக வந்த வில்லியம் ஃபுறொஸ்ற் மலைநாட்டு வெள்ளை ஏழைகள்பால் கவனத்தைத் திருப்பினார். அவர்களும் ஏழைகளே; ஆயினும் கறுப்பின மாணவரின் விகிதம் குறைந்துகொண்டே போனது. 1904 இல் கென்டக்கி சட்டசபை கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பாடசாலையில் படிப்பதைத் தடைசெய்தது. அந்தச் சட்டம் பெரீயாவையே குறிவைத்தது. கல்லூரி வழக்காடி 1908 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. நீதியரசர் ஜோன் ஹார்லன் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அதன்பின் கறுப்பின மாணவருக்காக லிங்கன் இன்ஸ்ரிரியூற் என்ற தனி நிறுவனத்தை வேறோர் ஊரில் அமைத்துக் கொடுத்தார்கள். அது 1912 இல் திறந்தது. பெரீயாவின் கதவோ 1950 இல் சட்டம் திருத்தப்படும்வரை அவர்களுக்கு மூடியே இருந்தது. 46 ஆண்டுகள்! ஒரே மூலத்து மக்கள் என்ற வாக்கியம் அக்காலமெல்லாம் அங்கே இருந்தது. எழுதிவைத்த நோக்கம் தன்னைத் தானே காத்துக்கொள்ளாது. இன்று கல்லூரி தன் நோக்கங்களை எட்டுப் ‘பெரும் கடப்பாடுகளாக’ வகுத்து வைத்திருக்கிறது. திட்டமிடும்போது அவற்றை முன்வைத்தே பேசுகிறார்கள். வறியவருக்குக் கல்வி, தாராண்மைக் கலைகள், கிறிஸ்தவ விழுமியம், உழைப்பின் மாண்பு, இன சமத்துவம், ஆண் பெண் சமத்துவம், எளிய வாழ்வு, அப்பலாச்சிய மக்களுக்கான பணி ஆகியன அவற்றில் அடங்கும்.

அந்தக் கதவு மூடப்படுமுன் வெளியேறியவர்களுள் ஒருவர் காட்டர் வூட்சன். அடிமைகளாயிருந்த பெற்றோரின் மகன். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்ததால் இருபதாவது வயதளவிலேயே உயர்பாடசாலைக்குப் போக முடிந்தது. 1903 இல் பெரீயாவில் பட்டம் பெற்றார். 1912 இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் கலாநிதியானார். தம் மக்களின் வரலாற்றை எவரும் எழுதாததால் தாமே எழுதத் தொடங்கி, 1926 இல் அதற்கென ஒரு வாரத்தையும் ஏற்படுத்தினார். அமெரிக்காவில் இன்று பெப்ரவரி முழுவதும் அனுட்டிக்கப்படும் கறுப்பின வரலாற்று மாதம் அதிலிருந்து வளர்ந்ததே.

இத்தகைய கல்லூரியை நாளையே இங்கு அமைக்கலாம் என்று நாம் கூறவில்லை. அதற்கான விதைநெல் எம்மிடம் இல்லை. ஆயினும் ஒரு பங்கோ, ஒரு பாடசாலையோ, ஒரு குடும்பமோ செய்யக்கூடியன உண்டு. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகள் எமது பங்குகளில் பலர். அந்தக் காலத்தில் அவர்களைப் பால் சேகரிப்பு நிலையத்திலோ, நாற்றுமேடையிலோ, கூட்டுறவுச் சங்கக் கணக்கிலோ சம்பளத்துடன் பழக்கி, செய்த வேலையை மதிப்பிட்டு ஒரு சான்றிதழ் கொடுக்கலாம். விடுதி நடத்தும் துறவற சபைகள், பிள்ளைகள் இப்போது செய்யும் வேலைக்கு நேர அளவும் பதிவும் ஏற்படுத்தலாம். கிளிநொச்சியில் யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. அதற்கு அனுமதி கிடைத்த பிள்ளையைப் பார்த்து, “வைத்தியம் கிடைக்கவில்லையோ?” என்று ஆறுதல் சொல்வதையாவது நாம் நிறுத்தலாம்.

பெரீயா ஒவ்வோர் ஆண்டும் வெளிநாட்டு மாணவர் சிலரையும் சேர்த்துக்கொள்கிறது. போட்டி மிகக் கடுமை. ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சியும் அதற்கான பரீட்சைச் சான்றும் வேண்டும். பாடசாலைப் பெறுபேறுகளையும் குடும்ப வருமான விபரத்தையும் கேட்பார்கள். ஆர்வமுள்ள மாணவர், உயர்தரம் எழுதுமுன்பே தமது ஆங்கில ஆசிரியரோடு அல்லது பங்குத் தந்தையோடு இதுபற்றிக் கதைத்துக்கொள்வது நன்று. விண்ணப்பம் கல்லூரிக்கு நேரடியாகவே போகிறது. அமெரிக்கக் கல்லூரியில் இடம் எடுத்துத் தருகிறோம் என்று சொல்லி முற்பணம் கேட்பவர்களிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.